செவலை மென்று விழுங்கிய சொல்

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது குதிரைகளுக்கு எல்லாவற்றிலும் மூத்த சொல் ஒன்று இருந்தது. ‘ஓடு’ என்பதுதான் அந்தச் சொல். பிறந்த குட்டிக்குப் ‘பால்’ என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடும் தாய்க்குதிரை. கூட்டத்தில் எந்தக் குதிரை ‘ஓடு’ என்றாலும் எல்லாக் குதிரைகளும் ஓடியாக வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. முதலில் ஓட்டம், அப்புறம்தான் விசாரணை. ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் வந்தது புலி இல்லை, காற்றில் பறந்த பனையோலை என்று தெரியவரும். அதற்காக ஒரு குதிரையும் வெட்கப்பட்டதில்லை. நின்று விசாரித்த குதிரைகளையெல்லாம் புலி தின்றுவிட்டது என்று அவை காரணம் சொல்லும். அதை மறுத்துப் பேசவும் முடியாது.

கடலோரத்தில் ஓர் உப்பளத்து ஊர் இருந்தது. ஊரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்கு ஒரே ஓர் ஊருணி. காலையில் பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். அதே நேரத்தில் உடைமரக் காட்டிலிருந்து குதிரைகளும் வரும். மழைக்காலத்தில் கரை முட்டத் தண்ணீர் இருக்கும், யாரும் யாரையும் இடிக்க வேண்டியதில்லை. கோடையில் நடுவில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். எல்லாரும் நெருங்கித்தான் நிற்க வேண்டும்.

அந்தக் கோடையில் ஒரு நாள், ஊர்த்தலைவர் வைகுண்டத்தின் மனைவி இசக்கி குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செவலை என்ற பெண்குதிரை நின்றது. கூட்டத்துக்கு முன்னால் நடக்கும் குதிரை அதுதான். இசக்கியின் கை தவறிச் செப்புக்குடம் கல்லில் விழுந்து கணகணவென்று உருண்டது. அவ்வளவுதான். செவலையின் பின்னங்கால் பறந்து இசக்கியின் தொடையில் இறங்கியது. “ஓடு!” என்று அது கத்த, மொத்தக் கூட்டமும் கரையிலிருந்த குடங்களை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. இசக்கியைக் கட்டிலில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

ஊர் கூடியது. செவலையும் வந்தது. அதன் குட்டி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

“இனிமே உதைக்க மாட்டேன். சத்தியம்,” என்றது செவலை.

“போன கோடையிலயும் இதே வாயாலதான் சத்தியம் பண்ணுன,” என்றார் வைகுண்டம். “அதுக்கு மறுநாளே என் தம்பி விலாவுல உதைச்ச.”

“வாய் சத்தியம் பண்ணுது. கால் என்னைக் கேட்டுக்கிட்டா உதைக்குது? அது உதைச்ச பிறகுதான் எனக்கே தெரியுது. நான் என்ன செய்ய?”

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். வைகுண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மனைவி வலியில் முனகிக்கொண்டு கிடக்கும்போது யாருக்குத்தான் வரும்? “அப்போ நானும் ஒண்ணு செய்யுதேன். உடைமுள் வெட்டி ஊருணியைச் சுத்தி வேலி போடுதேன். உன் காலும் நீயும் எங்கயாவது போய்த் தண்ணி குடிங்க,” என்றார்.

வேறு நல்ல தண்ணீர் மேற்கே மலையடியில்தான் இருந்தது. பெரிய குதிரைகள் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். கொதிக்கிற மணலில் குட்டிகள் போய்ச் சேராது. செவலை தன் குட்டியைப் பார்த்தது.

அப்போது எழுந்தவள் மாடத்தி. இசக்கியின் தங்கை. உப்பளத்தில் வேலை செய்கிறவள், பிடிவாதக்காரி. அக்கா உதை வாங்கியபோது பக்கத்திலேயே நின்றவள். அக்காவின் அலறலைப் போலவே, அந்த நேரத்தில் வெள்ளை தெரியச் சுழன்ற குதிரையின் கண்ணையும் அவளால் மறக்க முடியவில்லை.

“அத்தான், காலுக்குத் தெரியலைன்னா காலுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும். வாய்க்கிட்ட சத்தியம் வாங்கி என்ன பிரயோசனம்? எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க.”

“ஏட்டி, உன் அக்காவை முடமாக்குன குதிரைக்கா நீ பரிஞ்சு பேசுத?”

“பரிஞ்சு பேசலை. அந்தக் குட்டி தாகத்துல செத்தா நம்ம அக்கா கால் கூடிருமா?”

வைகுண்டம் கோபக்காரர்தான், ஆனால் நியாயம் தெரியாதவர் இல்லை. “கோடை கடைசியில வர்ற ஊருணிப் பொங்கல் வரைக்கும் பாப்பேன்,” என்றார். “அன்னைக்கு ஊர் முழுக்கக் கரையிலதான் இருக்கும். குதிரைகளும் வரட்டும். ஒருத்தர் மேல குளம்பு பட்டாலும் அன்னைக்கே வேலி.” அதோடு நிற்காமல், முள்ளை வெட்டிக் கட்டி ஊருணிக்கரையிலேயே அடுக்கியும் வைத்துவிட்டார்.

மாடத்தி பனைநார்க் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு செவலையிடம் போனாள். கழுத்தில் மாட்டினாள். “வா,” என்று இழுத்தாள். செவலை பின்னால் இழுத்தது. அவள் இன்னும் பலமாக இழுத்தாள். அது இன்னும் பலமாகப் பின்வாங்கியது. கடைசியில் மாடத்தி உப்புச் சேற்றில் குப்புற விழுந்தாள். உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயின.

“எனக்கும் வரணும்னுதான் இருக்கு,” என்றது செவலை, நிஜமாகவே வருத்தத்தோடு. “ஆனா கழுத்தைப் பிடிச்சு இழுக்கிறது புலி செய்யிற வேலை. நீ இழுத்ததும் கழுத்துக்கு அதுதான் ஞாபகம் வருது.”

உரிந்த கையில் உப்பு பட்டால் எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடத்தி கையை ஊதிக்கொண்டே வரப்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒருவன் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அவன் தண்ணீரைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டான். தண்ணீர் தானாகப் போயிற்று. தினமும் அவளும் செய்கிற வேலைதான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள்.

மறுபடி கயிற்றைப் பிடித்தாள். இந்தமுறை லேசாகத்தான் பிடித்தாள், ஆனால் விடவில்லை. செவலை அப்படியும் இப்படியும் தலையை ஆட்டிப் பார்த்தது. தற்செயலாக அதன் உடம்பு துளி முன்னால் சாய்ந்தது. சாய்ந்த அந்தக் கணமே மாடத்தி கயிற்றைத் தளர்த்திவிட்டாள்.

“ஐயோ, இது நல்லாருக்கே!” என்று செவலை ஓர் அடி எடுத்து வைத்தது. மறுபடி பிடி, மறுபடி சாய்வு, மறுபடி தளர்வு. பொழுது சாயும்போது கயிறு தொங்கத் தொங்கச் செவலை அவள் பின்னாலேயே நடந்து வந்தது.

அடுத்தது குடத்துச் சத்தம். அதில்தான் மாடத்தி பெரிய தப்புப் பண்ணினாள். தூரத்தில் நின்று செப்புக்குடத்தைக் கல்லால் தட்டுவாள். செவலை மிரண்டு ஓடும். பாவமே என்று அவள் தட்டுவதை நிறுத்திவிடுவாள். நாளாக ஆக அது சத்தம் கேட்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்தது.

“ஏன் இப்படிப் பண்ணுத?” என்று கேட்டாள்.

“நான் ஓடினா சத்தம் நின்னுருது. நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு?”

மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் ஓடத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! அன்றிலிருந்து ஏற்பாட்டை மாற்றினாள். இன்னும் தள்ளிப்போய், காதில் விழுந்தும் விழாத மாதிரி தட்டினாள். செவலை ஓடினாலும் தட்டிக்கொண்டே இருந்தாள். அது நின்ற நிமிஷத்தில் நிறுத்தினாள். ஓட்டம் சத்தத்தை நிறுத்தாது, நிற்பதுதான் நிறுத்தும் என்று காலுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அப்புறம் குடத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். செவலையின் வயிற்றுக்கடியில் வைத்துத் தட்டும்வரை கொண்டுவந்துவிட்டாள்.

“நேர் பின்னால நிக்கிறவங்க என் கண்ணுல பட மாட்டாங்க,” என்று ஒரு நாள் செவலை சொன்னது. “நீ அங்க போனா, நீ போய் வேற யாரோ வந்த மாதிரி இருக்கு.” அதனால் மாடத்தி அதன் தோளில் கை வைத்து, பேசிக்கொண்டே, கையை எடுக்காமல் முதுகு வழியாகப் பின்பக்கம் சுற்றி வருவாள். கை இருக்கும்வரை அவள்தான் என்று அதற்குத் தெரிந்தது. செவலை செய்வதைப் பார்த்து மற்றக் குதிரைகளும் பழகின.

எல்லாம் சரியாக வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.

“காலை நிறுத்திட்டேன்,” என்றது செவலை. “ஆனா பயம் வந்தா அந்தச் சொல்லு தானா தொண்டைக்கு ஏறி வருது. அது வெளிய வந்துட்டா என் கூட்டம் நிக்காது. என் காலும் நிக்காது.”

அதற்கு மாடத்தியிடம் வழி இல்லை. வாய்க்குக் கயிறு கட்டுவதில் அவளுக்கு விருப்பமும் இல்லை.

ஊருணிப் பொங்கல் வந்தது. கரையில் வரிசையாக அடுப்புகள், பானைகள், ஊரே கூடியிருந்தது. முட்கட்டுகளுக்குப் பக்கத்திலேயே வைகுண்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குதிரைகள் வந்தன. தோளோடு தோள் உரசிக்கொண்டு பெண்கள் தண்ணீர் மொண்டார்கள், குதிரைகள் குடித்தன. ஒரு தவறும் நடக்கவில்லை. எதிர்க்கரையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மாடத்திக்கு மெல்ல மூச்சு வந்தது.

இசக்கியை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். இருப்பாளா? எலும்பு ஒருவாறு கூடியிருந்தது. ஊரே பொங்கல் வைக்கும்போது தான் மட்டும் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதா என்று ஒரு கையில் கம்பும் இன்னொரு கையில் குடமுமாகக் கிளம்பி வந்துவிட்டாள். கரைச்சரிவில் இறங்கும்போது கம்பு வழுக்கியது. செப்புக்குடம் கல்லில் மோதிக் கணகணவென்று உருண்டு செவலையின் பின்னங்கால்களுக்கு நடுவே போய் விழுந்தது. குடத்துக்குப் பின்னாலேயே இசக்கியும் சரிந்து வந்து அந்தக் கால்களுக்கு அடியில் விழுந்தாள்.

அன்று நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. அதே குடம், அதே கல், அதே பெண்.

செவலையின் காது பின்னால் மடிந்தது. பின்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும்பியது. எல்லாக் குதிரைகளும் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி அதன் வாயையே பார்த்தன. வைகுண்டம் ஓடிவர எடுத்த அடி பாதியில் நின்றுவிட்டது. மாடத்தி எதிர்க்கரையில். அவள் கை எட்டாது.

சொல் ஏறி வந்தது. தொண்டையைத் தாண்டி, நாக்கைத் தாண்டி, பல் வரைக்கும் வந்தது. செவலை பல்லைக் கடித்தது.

வெளியே போக வேண்டிய சொல் வாய்க்குள் மாட்டிக்கொண்டது. அது திமிறியது. செவலை அதை மென்றது. தாடை அசைய அசைய மென்றது. பல்லிடுக்கில் ஒட்டியிருந்த மிச்சத்தை நாக்கை நீட்டி நக்கி உள்ளே இழுத்தது. பிறகு ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. தூக்கிய கால் மெதுவாக, இசக்கியின் புடவை நுனியைக்கூட மிதிக்காமல், குடத்துக்குப் பக்கத்தில் இறங்கியது.

ஒரு குதிரையும் ஓடவில்லை.

கீழே கிடந்த இசக்கி கண்ணைத் திறந்து பார்த்தாள். தன்னை உதைத்த கால் முகத்துக்கு நேரே நின்றது. சுற்றிலும் பிடித்து எழுந்திருக்க வேறு ஒன்றும் இல்லை.

“ஏட்டி செவலை, கொஞ்சம் அசையாம நில்லு. எந்திரிக்கணும்,” என்றாள்.

“பிடிச்சுக்கோ, தாயி. நிக்கேன்,” என்றது செவலை.

இசக்கி அந்தக் காலையே பிடித்தாள். பிடித்து முட்டி போட்டாள். வாலைப் பிடித்தாள், முதுகில் கையை ஊன்றினாள், எழுந்து நின்றுவிட்டாள். கம்பு இல்லாமல், செவலையின் முதுகில் கை வைத்தபடி, தண்ணீர்வரை நடந்தாள்!

முதலில் யார் குலவை போட்டார்கள் என்று தெரியாது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து போட்டார்கள். காட்டுப் பறவைகளெல்லாம் பறந்துவிட்டன. குதிரைகள் நின்ற இடத்தில் நின்றன. மாடத்தி ஊருணித் தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஓடிவந்து செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

வைகுண்டம் மனைவியின் குடத்தை எடுத்தார். தண்ணீர் மொண்டார். மனைவிக்குக் கொடுக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் நேராகக் குட்டியின் முன்னால் போய்க் குடத்தைச் சாய்த்துப் பிடித்தார். அது குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, “அந்த முள்ளை எதுக்கு இன்னும் அடுக்கி வச்சிருக்கீங்க? அடுப்புல வைங்க,” என்று அதட்டினார், ஏதோ வேறு யாரோ அடுக்கி வைத்த மாதிரி. வேலிக்கு வெட்டிய முள் படபடவென்று எரிந்தது. பானைகளெல்லாம் ஒரே சமயத்தில் பொங்கி வழிந்தன.

“வாய்ல ஒண்ணும் இல்லையே, எதைத் தின்ன?” என்று இசக்கி கேட்டாள்.

“என் பயத்தை,” என்றது செவலை. “மெல்லும்போது ரொம்பக் கசப்பு. உள்ள போனதும் வயிறு நிறைஞ்சிட்டு.”

பிற்பாடு மிருகங்களெல்லாம் பேச்சை மறந்தபோது குதிரையும் மறந்துவிட்டது. ஆனால் அந்த வேலையை மட்டும் அது மறக்கவில்லை. இன்றைக்கும் பழக்குகிறவர் கயிற்றைத் தளர்த்தியதும், மிரண்ட குதிரை ஓடாமல் நின்று, புல் ஒன்றும் இல்லாத வாயை அசைத்து மெல்லும், நாக்கை நீட்டி உதட்டை நக்கும், பெருமூச்சு விடும். பழக்குகிறவரும் அது மென்று முடிக்கும்வரை பேசாமல் காத்திருப்பார், பிறகுதான் தோளில் கை வைத்து, கையை எடுக்காமல் அதன் பின்பக்கம் சுற்றி வருவார். ஊருணிக்கரையில் இசக்கி எழுந்து நின்ற அந்தக் காலையில் தொடங்கிய வழக்கம்தான் இது.