வெயில் வராத ஜன்னல்

“கடையை மூடிடலாமான்னு தோணுது, சாமி” என்றாள் பூங்கோதை.

அவளுக்கு ஐம்பது வயது. அவள் சாமி என்று அழைத்தவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. கோயம்புத்தூரில் ஒரு சந்துக்குள், அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் தனியாக இருந்தார். தேடி வந்தவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுப்பார். அதிகம் பேசமாட்டார்.

பூங்கோதை இருந்த வேலையை விட்டுவிட்டு, ஆசை ஆசையாய் இணையத்தில் செடிக்கடை போட்டவள். ரோஜா, மல்லி, செம்பருத்தி என்று எதை வைத்தாலும், அதையே பெரிய கடைக்காரர்கள் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். இவளுடைய செடிகள் மொட்டை மாடியிலேயே பூத்து உதிர்ந்தன. மனக்குறை எல்லாவற்றையும் சாமியிடம் கொட்டித் தீர்த்துவிட்டு, இவ்வளவு பெரிய சந்தையில் தனக்கு எங்கேதான் இடம் என்று கேட்டாள்.

சாமி ஜன்னலைக் காட்டினார்.

“இங்க வைக்க ஒரு செடி கொண்டுவாங்க.”

இருப்பதிலேயே நல்ல ரோஜாவாகப் பார்த்துக் கொண்டுவந்தாள். சில நாளில் அது இலையை உதிர்த்தது.

சாமி தொட்டியைத் தானே சுமந்து வந்து, அவள் வீட்டு மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிட்டுப் போனார்.

மல்லி கொடுத்தாள். அது வெளுத்துப்போனது. அதையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்துக் கொடுத்த செம்பருத்தியோடும் அவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“செடி மேல குத்தமில்ல சாமி. உங்க ஜன்னல்ல வெயிலே வராது.”

“ஆமா” என்றார் சாமி. “வந்து கொஞ்ச நேரம் உக்காருங்க.”

அவர் வீட்டுக்குப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். சாமி டீ போட உள்ளே போனார்.

கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அடுத்த கட்டடம். நடுவில் வெயில் இறங்க வழியே இல்லை. எதிர் ஜன்னலில் ஒரு பெண் பிளாஸ்டிக் ரோஜாவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இதழாக, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல.

பூங்கோதையால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏங்க, நெசச் செடியே வைக்கலாமே?”

“வெச்சுப் பாத்தாச்சுங்கக்கா. இங்க எதுவும் பொழைக்கறதில்ல.”

பூங்கோதை தலையை வெளியே நீட்டினாள். மேலே, கீழே, பக்கத்தில், எல்லாம் ஜன்னல்கள். எல்லாவற்றின் மேலும் அதே நிழல். ஒன்றில் பிளாஸ்டிக் கொத்து. ஒன்றில் வெறும் தொட்டி.

சாமி டீயோடு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

சாயங்காலம், நிழலிலும் தழைக்கும் இரண்டு பெரணிச் செடிகளோடு ஓடிவந்தாள். ஒன்றைச் சாமியின் ஜன்னலில் வைத்தாள். இன்னொன்றை அப்படியே எதிர் ஜன்னலுக்கு நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

பெரணி துளிர்த்தது. அந்தப் பெண் மாடி வீட்டுக்காரியிடம் சொன்னாள். அவள் தன் தங்கையிடம் சொன்னாள். பூங்கோதை தன் கடையிலிருந்து ரோஜாவையும் மல்லியையும் எடுத்துவிட்டாள். நிழலில் பிழைக்கும் செடிகள் மட்டும்தான் இனி என்று எழுதிப் போட்டாள். பெயரே கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள், தங்கள் இருட்டு ஜன்னல்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அவளுக்குச் சாப்பிட நேரமில்லாமல் போனது. அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாள்.

ஒருநாள் சாமியைப் பார்க்க வந்தாள்.

“நிழல் செடிதான் என் வழின்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா, சாமி?”

பெரணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சாமி திரும்பினார்.

“செடியப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? ஜன்னல் வெறுமையா இருந்துச்சு. அவ்வளவுதான்.”