நடு வரிசை இருக்கை

கல்வராயன் மலையில் இருந்த ஒரு சிறு மடத்துக்கு எஸ்யூவி வாங்கும் பொறுப்பை அங்கே தொண்டு செய்த வாகீசன் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். போன மழையில் பிரசவ வலியெடுத்த ஒருத்தியை டோலி கட்டித் தூக்கிப் போனபோது, ஒரு முனையில் தோள் கொடுத்தவர் அவர். பாதி வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து மனிதருக்கு ஒரே பிடிவாதம். வாங்கினால் குறையில்லாத வண்டிதான். ஆத்தூர் ஷோரூமுக்கு நடையாய் நடந்ததில் ஒவ்வொரு மாடலின் ஜாதகமும் அவருக்கு மனப்பாடம். கீழ் மாடலில் கேமரா இல்லை. நடு மாடலில் கேமரா உண்டு, சன்ரூஃப் இல்லை. டாப் மாடலில் எல்லாமே உண்டு, ஆனால் வண்டி கைக்கு வரத் தை பிறந்துவிடும். மழையோ ஐப்பசியிலேயே வந்துவிடும்.

"எதை எடுக்கட்டும்மா?" என்று மடத்துத் தலைவியிடம் கைகட்டி நின்றார். மங்கையர்க்கரசி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

"போய்ப் பார்த்திடலாம்" என்றார் அம்மை.

விற்பனைப் பெண் ரெஜினா டாப் மாடலின் முன்கதவைத் திறந்துவிட்டாள். அம்மை ஸ்டியரிங் பக்கம் திரும்பவே இல்லை. நேராக நடு வரிசைக்குப் போனார். அங்கே கைப்பிடி வைத்த தனி இருக்கைகள் இரண்டு, நடுவில் ஆள் நுழைய இடைவெளி.

"இதுல படுங்க, வாகீசன்."

படுத்தார். இடுப்பு இடைவெளியில் தொங்கியது. ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கேப்டன் சீட் மேடம். டாப்ல இதுதான் வரும்."

அம்மை பக்கத்தில் நின்ற கீழ் மாடலில் ஏறி, நீள இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இங்க வாங்க."

வாகீசன் காலை மடக்கிப் படுத்துப் பார்த்தார். தலைக்குத்தான் இடமில்லை. அம்மை அந்தத் தலையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

வாகீசனுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அம்மையை வணங்கும்போதுகூட நாலடி தள்ளி நின்று விழுபவர் அவர். டோலித் துணிக்குள் அந்தப் பெண் தனியாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. கண் நிறைந்துவிட்டது. எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.

"இதுல சன்ரூஃப் இல்லீங்க மேடம்" என்றாள் ரெஜினா, தயங்கியபடி. "படுத்தா மேல வானம் தெரியாது."

அம்மை குனிந்தார்.

"உங்களுக்கு இப்ப என்ன தெரியுது, வாகீசன்?"

"உங்க முகம்மா."

"அது எந்த மாடல்ல வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க."