முழங்காலின் விலை

பனி கொட்டும் அந்த அமெரிக்கச் சிற்றூரில் ஞாயிறுதோறும் நிகழ்தகவுப் பாடம் நடத்தி வந்தாள் நச்செள்ளை. அவளைவிட இருபது வயது மூத்த மாணவர் தணிகைவேலன். முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், அன்று வகுப்பு கலைந்த பின்னும் கதவருகே நின்றார்.

“டீச்சர், வாயே திறக்காத ஒருவன் ரகசியத்தை வெளியே சொல்லிவிட முடியுமா?”

“யாருடைய ரகசியம்?”

“மாதங்கியுடையது.”

மாதங்கி அவருடைய ஒரே மகள். கல்லூரிக் கூடைப்பந்து அணியே அவளை நம்பித்தான் இருந்தது. படிப்பின் கடைசி ஆண்டு, அதன் இறுதியாட்டம். அதற்கு முன் முழங்காலில் வலி கண்டது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார் என்று அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

“நான் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. யார் வெல்வார் என்று இணையத்தில் சீட்டு வாங்கி விற்கும் கணிப்புச் சந்தையில், அவள் அணி வெல்லும் என்ற சீட்டுகள் வைத்திருந்தேன். விற்றேன். அவ்வளவுதான்.”

“அந்தச் சீட்டு என்ன தரும்?”

“அணி வென்றால் நூறு காசு. தோற்றால் ஒன்றுமில்லை.”

“விலை?”

“அறுபத்தெட்டு.” தயங்கிவிட்டுப் பாடத்தை ஒப்பித்தார். “அதாவது, வெற்றிக்கு நூற்றில் அறுபத்தெட்டு வாய்ப்பு என்று வாங்குவோரும் விற்போருமாகச் சேர்ந்து நம்புகிறார்கள்.”

“நல்ல மாணவர். நீங்கள் விற்ற பின்?”

“நாற்பத்தொன்று. சின்ன ஆட்டம், டீச்சர், வாங்க ஆள் குறைவு. நான் விற்க விற்க விலை இறங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் விற்றார்கள்.”

“காரணம் தெரியாமலேயா?”

“யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது என்பது போதாதா?”

சொல்லி முடித்ததும்தான் தம் பேச்சு தம் காதில் விழுந்தது. தணிகைவேலன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பயிற்சியாளரும் அந்த விலையைப் பார்த்திருந்தார். அன்றைக்கே எல்லாப் பெண்களையும் மருத்துவரிடம் அனுப்பினார். மாதங்கி ஆடவில்லை. அணி தோற்றது.

“ஆடியிருந்தால் காலே போயிருக்குமாம். ஒரு வகையில் நல்லதுதானே, டீச்சர்?”

“நல்லதுதான். ஆனால் அண்ணா, நீங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை. சந்தையிடம் சொன்னீர்கள்.”

அவர் தலை தொங்கியது.

“அவளுக்குத் தெரியுமா?”

“அவள் சொன்ன ஆள் நான் ஒருவன்தானே. ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.”

“இப்போது கூப்பிடுங்கள். எனக்கும் கேட்கட்டும்.”

கைப்பேசியை மேசைமேல் வைத்து அழைத்தார். வெகுநேரம் மணியடித்தது.

“சொல்லுங்கப்பா.”

“கால் எப்படிக் கண்ணு இருக்கு?”

“நல்லாருக்குப்பா.”

“வலி?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. வெக்கட்டுமா?”

அவள் பேசி முடிப்பதற்குள் ஊன்றுகோல் தரையில் தட்டும் ஓசை கேட்டது. இழுத்துப் பிடித்த மூச்சு ஒன்று. பிறகு இணைப்பு அறுந்தது.

நச்செள்ளை கைப்பேசியை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

“வலி இல்லை என்று ஒரு சீட்டு. உண்மையானால் நூறு காசு. என்ன விலைக்கு வாங்குவீர்கள், அண்ணா?”

தணிகைவேலன் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.