நான்கு குதிரைத் தேரும் கோனேரியின் கூண்டு வண்டியும்

நெடுங்கரைச் சமஸ்தானத்தில் குதிரைகளுக்குக் குறைச்சல் இருந்ததில்லை. யோசனைக்குத்தான் அவ்வப்போது பஞ்சம் வரும். அப்படி ஒரு சமயத்தில்தான் மன்னர் உதயகேசரிக்குக் குடும்பத்தோடு வெளியூர் போக ஒரு வண்டி தேவைப்பட்டது.

அரசி பெருந்தேவியின் தம்பிக்கு அவள் பிறந்தகமான கருவேலங்கோட்டையில் கல்யாணம். தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் அவள்தான். ராஜமாதா, அரசி, நான்கு பிள்ளைகள், கைக்குழந்தைக்கு ஒரு தாதி என்று இத்தனை பேரும் பல்லக்கில் கிளம்பினால் வளைகாப்புக்குத்தான் போய்ச் சேருவார்கள். எல்லாரும் ஏறிப்போக ஒரே வண்டி வேண்டும் என்றார் மன்னர். லாயத்து அதிகாரி மார்த்தாண்டரும், சபையில் ஆலோசனை சொல்லும் கோனேரியும் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவது என்று ஏற்பாடாயிற்று.

மார்த்தாண்டர் நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேரை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரத்தில் வெள்ளிப் பூண், முகப்பில் சிங்கத் தலை. அதன் வேகத்தைப் பற்றி அவர் பேசிய நேரத்தில் நடந்தே பாதி தூரம் போயிருக்கலாம். மன்னரோ வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கோனேரி கொண்டுவந்தது இரட்டை மாட்டுக் கூண்டு வண்டி. பக்கவாட்டில் தட்டியைத் தள்ளினால் திறந்துகொள்ளும். முழங்கால் உயரத்தில் படி. உள்ளே வைக்கோல் மெத்தைமேல் ஜமக்காளம். இருக்கைப் பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டிகள் வைக்க இடம். தொட்டில் மாட்ட வளையம்கூட இருந்தது. சபை சிரித்தது. மார்த்தாண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கோனேரிக்கு உள்ளுக்குள் எரிந்தது. வளையத்துக்காகவே அவர் கொல்லன் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் பணிவாகத்தான் கேட்டார்.

"தேரில் ராஜமாதா எங்கே கால் வைத்து ஏறுவார்கள்?"

தேரில் இருவர்தான் நிற்க முடியும், மன்னரும் சாரதியும் போதும் என்றார் மார்த்தாண்டர்.

"அரசியும் பிள்ளைகளும்?"

"பின்னால் ஏதாவது மாட்டு வண்டியில் வரட்டும்."

"அதைத்தான் நான் கொண்டுவந்திருக்கிறேன்" என்றார் கோனேரி.

இப்போது சிரித்தது அரசி மட்டும்தான். மன்னருக்கு முகம் கறுத்தது. மார்த்தாண்டர் அந்தக் கோபத்தில் எண்ணெய் ஊற்றினார். இரண்டு வண்டிகளும் ஒரே வேளையில் கிளம்பட்டும், எது முதலில் கருவேலங்கோட்டைக்குள் நுழைகிறதோ அதுவே அரச வண்டி, தோற்றவர் சபையை விட்டுப் போகட்டும் என்றார். மன்னர் உடனே தலையாட்டினார்.

கோனேரி ஒரு கணம் யோசித்தார். அரசியின் தகப்பனாரை அவருக்குத் தெரியும். வாசல்படியில் அணில் ஓடினாலே ஒற்றன் என்று சந்தேகப்படுகிற கிழவர் அவர். கோனேரி சரி என்றுவிட்டார்.

விடியலில் மன்னரை ஏற்றிக்கொண்டு, மார்த்தாண்டரே சாரதியாக, தேர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. கூண்டு வண்டி சலங்கை குலுங்க அதன் போக்கில் போனது. வழியில் பிள்ளைகள் இலந்தைப்பழம் பறித்தார்கள். ராஜமாதா இரண்டு முறை தூங்கி எழுந்தார். கைக்குழந்தை தொட்டிலை விட்டு இறங்கவேயில்லை. கோனேரி மட்டும் அடிக்கடி சூரியனைப் பார்த்தார். தன் கணக்கு தப்பினால் நாளைக்கு எந்த ஊரில் பிழைப்பது என்ற கவலை அவருக்கு இருக்கத்தான் செய்தது.

பொழுது சாயும் வேளையில் கோட்டை தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. மதில்மேல் வில்லாளிகள். அகழிக்கு இந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில், நெடுங்கரையின் மன்னர் புழுதி மூடிய மீசையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற மார்த்தாண்டர் குதிரைகளுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். உச்சிப்பொழுதுக்கு முன்பே தேர் வந்துவிட்டது. மருமகன் மனைவி மக்கள் இல்லாமல் தன்னந்தனியாகத் தலைதெறிக்க வருவதை மதில்மேல் இருந்து பார்த்த மாமனார், போரில் தோற்று ஓடிவருகிறான், பின்னால் எதிரி வருகிறான் என்று முடிவு கட்டிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். மகள் எங்கே என்று மேலிருந்து கேட்டிருக்கிறார். பின்னால் மாட்டு வண்டியில் வருகிறாள் என்று மருமகன் கத்தியிருக்கிறார். பெண்டாட்டியை மாட்டு வண்டியில் விட்டுவிட்டு நான்கு குதிரையில் தனியே வருகிற ராஜா உலகத்தில் உண்டா என்று கிழவர் அதையும் நம்பவில்லை.

அரசி தட்டியைத் தள்ளித் தலையை நீட்டினாள். கதவு திறந்தது, மேளம் முழங்கியது. கூண்டு வண்டி உள்ளே போனது. அதன் பின்னால், மாட்டுச் சலங்கைக்குத் தாளம் தப்பாமல், நான்கு குதிரைத் தேர் அடக்கமாக நுழைந்தது.

மறுநாள் அரசி முடிச்சுப் போட்டாள். விருந்து முடிந்ததும் மார்த்தாண்டர் மெல்ல வாயைத் திறந்தார். எப்படிப் பார்த்தாலும் தேர்தானே முதலில் வந்தது என்றார்.

"வந்தது உண்மைதான். உள்ளே நுழைவதுதான் பந்தயம்" என்றார் கோனேரி. மார்த்தாண்டரைச் சபையை விட்டுத் துரத்த வேண்டாம், அந்த மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். மன்னர் சம்மதித்தார். கூண்டு வண்டிக்கு அரச முத்திரையும், கோனேரிக்குத் தன் தோளில் கிடந்த பட்டும் கொடுத்தார். ஆனாலும் அவர் கண் முற்றத்தில் நின்ற தேரை விட்டு அகலவில்லை.

"கோனேரி, அவ்வளவு வேகமான தேரை வேறு எதற்குத்தான் வைத்துக்கொள்வது?"

"பத்திரமாக வைத்திருங்கள், அரசே. என்றைக்காவது நிஜமாகவே தோற்று ஓட வேண்டி வந்தால், அதைவிட நல்ல வண்டி கிடைக்காது."