நீச்சல் குளத்துல புயல் கூண்டு

"ஏல, பஞ்சர் ஒட்டியே கிழவனாகப் போற பயலுவளா, கடல்னா உங்களுக்குத் தூத்துக்குடி துறைமுகந்தானல?"ன்னு ஆரம்பிச்சான் இசக்கிராஜ். காலேஜைப் பாதியில விட்டவன். வாயை மட்டும் விடல. மாலத்தீவுல ஒரு ரிசார்ட்ல விருந்தாளியா தங்கிட்டு வந்தேன்னு, செய்யது பஞ்சர் கடையில தினமும் கச்சேரி.

இன்னைக்குப் பால்துரையும் வந்திருந்தான். லாரி வேலையை விட்டுட்டு அதே ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போறான். சாயங்காலம் ஓனர்கிட்ட சாவியை ஒப்படைக்கணும்.

"என்ன வேலைன்னு ஏஜென்ட் சொல்ல மாட்டேங்கான். வெளி வேலைங்கான். இடம் எப்படி மக்கா?"

"இடமா? வாசல்ல இருந்து ரூமுக்குப் போறதுக்குள்ள தாடி வளந்துட்டு. அதுக்குன்னே நடுவழியில சலூன் வச்சிருக்கான்."

"திரும்பி வரும்போது?" டியூப்பைத் தண்ணியில முக்கிக்கிட்டே கேட்டான் செய்யது.

"மொட்டை போட்டுக்கிட்டேன். கேளுல. மெத்தையில படுத்தேன், அமுங்கி அமுங்கி உள்ள போயிட்டேன். காலையில என்னைத் தேடி முத்துக்குளிக்கிறவன் ரெண்டு பேரு இறங்குனான். ஒருத்தன் முத்தோட ஏறிட்டான்."

"நீ?"

"எனக்கு டிபன் உள்ளயே வந்துட்டு. சாப்பாட்டு மேசை மட்டும் சின்னதுங்கியா? இந்த முனையில இட்லி, அந்த முனையில சட்னி. போய்ச் சேருறதுக்குள்ள இட்லி ஊசிப்போச்சு. நீச்சல் குளத்துக்கு அக்கரையே தெரியாது. ஒருநாள் அதுல புயல் உருவாகி, மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டான்!"

"குளத்துலயா?"

"குளத்துலதான். நான் பேசாம ரூமுக்கு வந்து ஏசியைப் போட்டேன். வெளிய அலை அப்படியே ஒறைஞ்சு நின்னுட்டு. அதுமேல ஏறி உக்காந்து..."

பால்துரை சாவியைப் பையில இருந்து எடுத்துட்டான். "நான் போய்க் குடுத்துட்டு வாரேன்."

அந்த நேரம் பாத்து, செய்யது கடிச்சு வச்ச வடை மேல ஒரு காக்கா வந்து உக்காந்துச்சு. இசக்கி துள்ளி எந்திரிச்சு, டயர் லீவரைத் தூக்கி, ரிம்மைத் தட்டி, "ஹூய்! போ! போ!"ன்னு ரோட்டோரம் வரை விரட்டிட்டுப் போனான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தா, ரெண்டு பேரும் அவனையே பாத்துக்கிட்டு இருக்கானுவ.

"விருந்தாளி இப்படியால காக்கா வெரட்டுவான்?"ன்னான் செய்யது.

இசக்கி டயர் லீவரைக் கீழ வச்சான். பால்துரை கையில இருந்த சாவியைப் பாத்தான்.

"குடுக்காத மக்கா. அங்க காக்கா தொல்லை. வெள்ளைக்காரன் தட்டுல இருந்தே தூக்கிட்டுப் போயிரும். நாள் பூரா கம்பும் கையுமா வெயில்ல நின்னு வெரட்டுறதுதான் வெளி வேலை. என் எடத்துக்குத்தான் உன்னைக் கூப்பிடுறான்."

பால்துரை சாவியைத் திரும்பப் பையில போட்டான். "ஒன்னை எதுக்குல வேலையை விட்டு அனுப்புனான்?"

"தை அமாவாசை வந்துட்டுல்லா. பழக்கதோஷத்துல, செத்துப்போன தாத்தாவுக்குச் சோறு வச்சு 'கா... கா...'ன்னேன். தீவுல உள்ளது பூரா வந்து எறங்கிட்டு. வெரட்டச் சம்பளம் வாங்குனவனும் நான்தான், கூப்பிட்டவனும் நான்தான்."