காத்து ஆகாத சவுண்டு கார்டு

ஒரு சிரிப்பு வரப்போகிறது. சின்னச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிற சிரிப்பு.

ஆனால் இப்போது இல்லை. கடைசியில்தான். அதுவரைக்கும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு மிக்கேலுக்குப் பின்னாலேயே படியேறுங்கள்.

தூத்துக்குடியில், ஐஸ் கம்பெனிக்கு மேலே, பதினெட்டுப் படி. மிக்கேல் ரோச் படிக்குப் படி மூச்சு வாங்கினார். வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாக மீன் ஏலம் கூறுகிறவர். அவர் தொண்டையைத் திறந்தால் ஏலக் கூடத்தின் கடைசித் தூணில் உட்கார்ந்திருக்கிற காக்கா எழுந்து பறக்கும்.

மாடி அறையில் சுலைகா இருந்தாள். முப்பத்தொரு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. கண் தெரியாதவர்கள் கேட்டுப் படிப்பதற்காகப் பாடப் புத்தகங்களைக் குரலாக மாற்றி அனுப்புகிறவள். யார் வாசித்துக் கொடுத்தாலும் அவள் காதில் தேறினால்தான் வெளியே போகும். நரைத்த தலைகள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டன.

மிக்கேல் உட்காரும் முன்பே கேட்டார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கம்ப்யூட்டரோட வந்த சவுண்டே போதுமா, தனியா சவுண்டு கார்டு வாங்கணுமா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"நான் வாசிச்ச பாடத்த மூணு தடவ திருப்பி அனுப்பிட்டீங்க."

"நாலு தடவ."

"நாலாவது எனக்கு வரலியே."

"இப்பத்தான் அனுப்பினேன்."

மிக்கேல் துண்டால் கழுத்தைத் துடைத்தார். இந்த அறையில் எப்போது வந்தாலும் புழுக்கம். தலைக்கு மேலே விசிறி உண்டு, சுற்றி அவர் பார்த்ததில்லை. சுவர் முழுக்கப் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பாவம், விசிறியைப் பழுது பார்க்க வழியில்லை, சுவருக்குப் பூச்சு பூசவும் வழியில்லை என்று நினைத்துக்கொள்வார். ஒரு நாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வரவேண்டும் என்றும் நினைப்பார்.

"குறை என்கிட்ட இல்ல டீச்சர். மெஷின்ல. அந்தச் சவுண்டு கம்ப்யூட்டரோட ஓசியில வந்தது. சீலா மீன் வாங்கினா மேல ஐஸ ஓசியா அள்ளிப் போடுவான். அதுக்காக ஐஸக் குழம்பு வைக்க முடியுமா?"

"கடையில என்ன சொன்னாங்க?"

மிக்கேல் அந்த நிமிஷமே கடைக்காரராகிவிட்டார். மூக்கால் பேசினார். "'உள்ள இருக்கிறது சும்மா சார். வெளிய ஒண்ணு மாட்டுங்க சார். அப்படியே ஸ்டூடியோ சார்.' அடுத்த கடையில..." இப்போது குரல் வெற்றிலை போட்டுக்கொண்டது. "'அதெல்லாம் வேஸ்ட்டு அண்ணாச்சி. உள்ள உள்ளதே போதும்.' நான் எவன நம்ப?"

சுலைகா ஒரு பொத்தானை அழுத்தினாள்.

முதலில் விசிறி வந்தது. கடக், கடக், கடக். அப்புறம் குக்கர். உஸ்ஸ்ஸ். எங்கேயோ ஒரு சேவல். அதற்கும் பின்னால், கிணற்றுக்குள் விழுந்தவர் மாதிரி, மிக்கேல்.

"முதலாம் பானிப்பட் போர்! ஆயிரத்து ஐநூத்தி இருபத்தாறு! இருபத்தாறே! இருபத்தாறேய்ய்ய்!"

சுலைகா நிறுத்தினாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"பானிப்பட்டு."

"ஏலத்துல யார் எடுத்தது?"

மிக்கேல் சிரிக்கவில்லை. நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.

"விசிறிய நிறுத்தச் சொல்லி முதல் நாளே சொன்னேனே."

"விசிறி எந்த வீட்ல ஓடல? நல்ல மெஷினா இருந்தா விசிறிய விட்டுட்டு மனுசன மட்டும் புடிக்கும்."

"கத்தவும் வேண்டாம்னு சொன்னேன்."

"மெதுவாச் சொன்னா யார் டீச்சர் கேப்பா?"

கீழே ஐஸ் அரைக்கிற சத்தம் கேட்டது. அது ஓயட்டும் என்று சுலைகா காத்திருந்தாள்.

"ரெஜினாளுக்குப் பரீட்சைக்கு இன்னும் நாப்பது நாள் அண்ணாச்சி."

மிக்கேல் துண்டைத் தோளில் போட்டார்.

ரெஜினாள் அவர் தங்கை மகள். அவளுக்கும் பார்வை கிடையாது. அரசுத் தேர்வு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் வரலாற்றில் கோட்டை விட்டவள். "வரலாறு என் பொறுப்பு தாயி, மாமா வாசிச்சுத் தாரேன்" என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. வாசித்ததுதான் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"இந்த வாரமும் தேறலன்னா புத்தகத்த மெட்ராஸ்ல ஒருத்தர்ட்ட கொடுத்திரணும். நல்லா வாசிப்பாரு. முடிக்க ரெண்டு மாசம் எடுப்பாரு."

"பரீட்சை முடிஞ்சிருமே."

"முடிஞ்சிரும்."

"அதுக்குத்தான கார்டு கேக்கேன்!"

"சரி. நாளைக்கு வாங்க."

மறுநாள் மேசைமேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளங்கை அகலம். சுற்றிலும் கறுப்பு டேப்பு. பின்னால் ஒரு வயர், முன்னால் ஒரு குட்டி விளக்கு.

"வாங்க வேண்டாம். இரவல் தாரேன். கம்ப்யூட்டர்ல சொருகிப் பாருங்க."

சொருகினார்.

"விளக்கு எரியுதா?"

"எரியுது."

"என்ன நிறம்?"

"நீலம்."

"நீலம்னா எப்படி?"

"பளபளன்னு... ரொம்ப விலை கூடுன சாமான் மாதிரி இருக்கு டீச்சர்."

"அப்ப நல்ல கார்டுதான்" என்றாள், பிறந்ததிலிருந்து ஒரு நிறத்தையும் பார்த்திராத டீச்சர். நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற குரல்.

"மைக்க இதுல எங்க மாட்டணும்?"

"மைக்கு பழைய ஓட்டையிலேயே இருக்கட்டும். கார்டு உள்ளோடி போய்ப் புடிச்சுக்கும்."

மிக்கேல் பலமாகத் தலையாட்டினார். ஓசிச் சாமானுக்கும் உசத்திச் சாமானுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

"ஒண்ணு மட்டும். இதுக்குக் காத்து ஆகாது."

"எதுக்கு?"

"கார்டுக்கு. விசிறிக் காத்து பட்டா சளி புடிச்ச மாதிரி ஆயிரும்."

"ஐயையோ. நிறுத்திருதேன்."

"வெறுஞ்சுவரு பக்கத்துல இருந்தா மிரளும். சுத்தித் துணி தொங்கணும்."

"எம் பெண்டாட்டி எமரன்சி சீல இருக்கு."

"அதட்டினா மயங்கிரும்."

"யாரு, எமரன்சியா?"

"கார்டு அண்ணாச்சி."

மிக்கேல் பெட்டியைக் கையில் எடுத்தார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுக்கிற மாதிரி. குரல் தானாகத் தாழ்ந்தது.

"அப்ப எப்படித்தான் பேசணும்?"

"இப்பப் பேசினீங்களே. அப்படி."

"எவ்வளவு தூரத்துல?"

"ஒரு சாண். அங்க ரெஜினாள் உக்காந்திருக்கான்னு வச்சுக்கோங்க." அவள் விரல் டேப்பைத் தடவியது. "இத மட்டும் பிரிச்சிராதீங்க."

"பிரிச்சா?"

"போச்சு."

அன்று மத்தியானம் மிக்கேல் வீட்டில் துணிக்கொடி கட்டினார். பீரோவில் இருந்ததெல்லாம் கொடிக்கு ஏறியது.

"கல்யாணச் சீலையுமா?" என்றாள் எமரன்சி.

"அதுக்கு வெறுஞ்சுவரு ஆகாது."

"எதுக்கு?"

"கார்டுக்கு. குக்கரையும் வைக்காத."

"சோறு?"

"பாடம் முடிஞ்சப்புறம்."

"ஏன், உங்க கார்டு சோறு திங்காதா?"

விசிறி நின்றது. கதவு மூடிக்கொண்டது. சேலைகளுக்கு நடுவில் மிக்கேல் வியர்வையில் குளித்தார். முதல் வரியில் பழைய தொண்டை எழும்பப் பார்த்தது. நீல விளக்கைப் பார்த்தார். மயங்கிவிட்டால்? அடக்கிக்கொண்டார்.

"வேலூர்ப் புரட்சி" என்றார், ஒரு சாண் தூரத்துக்கு. "ஆயிரத்து எண்ணூத்தி ஆறு." முப்பது வருஷப் பழக்கம், ஒரே தடவையில் விட மனசு வரவில்லை. மெல்லச் சேர்த்துக்கொண்டார். "எண்ணூத்தி ஆறு... எண்ணூத்தி ஆறு."

பாடம் தேறியது. அடுத்ததும் தேறியது. வரிசையாக ஏழு பாடம்.

எட்டாவது பாடத்தின்போது டீச்சருக்குப் போன் போட்டார். பதறிப்போய், ஆனாலும் மெதுவாக. கார்டு பக்கத்தில் இருந்ததே.

"டீச்சர், கார்டுக்குள்ள எறும்பு போகுது."

அந்தப் பக்கம் எதையோ விழுங்கிப் புரையேறின மாதிரி ஒரு சத்தம்.

"சாப்பிட்டுட்டு இருக்கீங்களா?"

"இருமல் அண்ணாச்சி." இன்னும் கொஞ்சம் இருமினாள். "சத்தம் இனிப்பா இருந்தா எறும்பு வரத்தான் செய்யும். கார்டு நல்லா வேலை பாக்குதுன்னு அர்த்தம். நீங்க வாசிங்க."

மிக்கேல் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியாட்டி? என் குரலுக்கு எறும்பு வருது."

எமரன்சி எறும்பைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். சேலைகளுக்கு அந்தப் பக்கம் போனாள். சேலைகள் கொஞ்ச நேரம் குலுங்கின.

அதுவும் நான் சொன்ன சிரிப்பு இல்லை.

ரெஜினாள் ஒரு நாள் பேசினாள். "மாமா, நேத்து நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லித் தந்த மாதிரியே இருந்துச்சு. நடுவுல நீங்க மூச்சு விட்டதுகூடக் கேட்டுச்சு. சந்தேகம் கேக்கலாம்னு வாயத் திறந்துட்டேன்."

மிக்கேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எல்லாம் கார்டு தாயி" என்றார். "கார்டு."

நாற்பத்தோராம் நாள். பதினெட்டுப் படி. ஒரு கையில் பொட்டலமாக சீலா மீன், இன்னொரு கையில் கைக்குட்டையில் சுற்றிய பெட்டி.

"எப்படி எழுதினாளாம்?"

"வரலாற்றுல ஒரு கேள்விய விடலயாம் டீச்சர். வருஷம் ஒவ்வொண்ணும் காதுல மூணு தடவ கேக்குதாம்."

"அத நான் வெட்டல" என்றாள் சுலைகா.

மிக்கேல் பெட்டியை மேசைமேல் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"டீச்சர், இத எனக்கே கொடுத்திருங்க. வேற பாடமும் வாசிக்கணும். உங்களுக்கு வேற ஒண்ணு வாங்கித் தாரேன். ஆமா, உங்க கம்ப்யூட்டர்ல என்ன கார்டு இருக்கு?"

"தனியா ஒண்ணும் இல்ல. வாங்கும்போது உள்ள இருந்ததுதான்."

"உள்ளதையா?" மிக்கேல் உருகிப்போனார். "இருந்த ஒரே ஒரு நல்ல கார்ட எனக்குத் தந்துட்டு, நீங்க ஓசிச் சவுண்ட வச்சுக்கிட்டு..."

"அண்ணாச்சி. டேப்பப் பிரிங்க."

"போயிருமே!"

"போகட்டும்."

ஓரத்தைக் கீறி, மெல்ல உரித்தார். மூடி திறந்தது.

வயர் நேராக விளக்குக்குப் போனது. விளக்கோடு முடிந்தது.

மற்ற இடமெல்லாம் மக்ரூன், முந்திரி இனிப்பு. எறும்பு தின்றது போக மிச்சம், பேக்கரிக் காகிதத்தோடு. காகிதத்தில் பேனா எழுத்து: ரெஜினாளுக்கு, மாமா.

ஈஸ்டருக்கு அவரே வாங்கிக் கொடுத்த பொட்டலம். கண் தெரியாத பிள்ளைக்குப் பெயர் எழுதிக் கொடுத்த புத்திசாலியும் அவரேதான்.

"வெறும் பெட்டி கடகடன்னு ஆடுச்சு" என்றாள் சுலைகா. "'மாமாவுக்குக் காது உண்டு, கண்டுபுடிச்சிருவாரு'ன்னு இங்க வந்திருந்த ரெஜினாள்தான் கையில இருந்தத வச்சு அடைச்சா. வேற ஆள் வாசிச்சா வேண்டாம்னு ஒரே அழுகை அன்னிக்கு."

மிக்கேல் மேலே பார்த்தார். சுற்றாத விசிறி. சுவரைப் பார்த்தார். வரிசையாகப் போர்வை. டீச்சரின் மைக்கைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்து ஒரு சாண்.

"இந்த விசிறி..."

"சுவிட்ச் உங்க தோளுக்குப் பின்னால இருக்கு அண்ணாச்சி."

போட்டார்.

விசிறி ஜம்மென்று சுற்றியது. மக்ரூன் தூள் எழும்பி அவர் மீசையில் வந்து உட்கார்ந்தது.

"அடிப் பாவிகளா" என்றார் மிக்கேல், மெதுவாக, ஒரு சாண் தூரத்துக்கு.

அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு.