வைரஸ் போட்ட ஒட்டு

பருத்திப் புழுவைக் கொல்லும் வைரஸைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார் மருதப்பன். வயது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூட வேலைக்குச் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியை ஆக்னஸிடம் மாணவராகச் சேர்ந்தவர். ஆக்னஸ் அவரை ‘சார்’ என்பார். அவர் ஆக்னஸை ‘மேடம்’ என்பார்.

ஒருநாள் காலையில் தன் குப்பிகளையெல்லாம் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றார் மருதப்பன். முகம் செத்துப்போயிருந்தது.

“எல்லாத்தையும் கொட்டிடலாம் மேடம். வைரஸ்ல புழுவோட ஜீன் ஒண்ணு கிடக்கு. புழுவை அரைச்சுத்தானே வைரஸ் எடுக்கிறோம்? நான் சரியா வடிகட்டலை, புழுவோடதும் கலந்துடுச்சு. நாலு வருஷம் போச்சு.”

ஆக்னஸ் எழுந்து வந்து, மருதப்பனின் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதினார். அது பறந்துபோனது.

“இப்ப நீங்க இதை ஊதுங்க சார்.”

ஆக்னஸ் காட்டியது மருதப்பனின் வெள்ளைக் கோட்டு முழங்கையை. அமிலம் பட்டு ஓட்டையான இடத்தில், மருதப்பனின் மனைவி தன் பழைய நீலப் புடவையைக் கிழித்து ஒட்டுப் போட்டிருந்தார்.

மருதப்பன் தட்டை வைத்துவிட்டு ஊதினார். ஐம்பத்தொரு வயது மனிதர் தன் முழங்கையைத் தானே ஊதுவது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

“ஏன் பறக்கலை?”

“தைச்சிருக்கே மேடம்.”

“அந்த ஜீனோட ரெண்டு ஓரத்தையும் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பயத்தில் அது தோன்றவே இல்லை. போய்க் கணினி முன் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“ஒரே டி.என்.ஏ. இழை மேடம்! இந்தப் பக்கம் வைரஸ், நடுவுல புழுவோட ஜீன், அந்தப் பக்கம் மறுபடி வைரஸ். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். தைச்சுத்தான் இருக்கு. நான் தப்புப் பண்ணலை.”

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

“அந்த ஜீன் என்ன வேலை செய்யுது?”

“புழு தோலுரிக்காம தடுக்குது. தோலுரிக்கிறப்போ புழு தின்னாது. உரிக்கலைன்னா தின்னுக்கிட்டே இருக்கும், வைரஸும் உள்ள பெருகிக்கிட்டே இருக்கும். எந்தக் காலத்துலயோ ஏதோ ஒரு புழுகிட்டயிருந்து எடுத்திருக்கு, கில்லாடி!”

குப்பிகளைக் குளிர்பெட்டியில் பத்திரமாக அடுக்கி மூடினார். கதவருகில் போனவருக்கு ஒரு சந்தேகம்.

“மேடம், இதைப் புழுவோட ஜீன்னு எழுதவா, வைரஸோட ஜீன்னு எழுதவா?”

“அந்த நீலத்துணியை உங்க வீட்டம்மா திருப்பிக் கேட்டா என்ன ஆகும்?”

மருதப்பன் முழங்கையைத் தடவிப் பார்த்தார்.

“கோட்டுல ஓட்டை விழும்.”

“எதுல ஓட்டை விழுமோ, அதோடதுன்னு எழுதுங்க சார்.”